டைனம் மாளிகையின் வேலியைத் திறந்துவிடுங்கள்: பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாதுகாப்பு அமைச்சருக்கும், லல்வர்த் சுடுதளத்தை நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

தெற்கு இங்கிலாந்தின் டோர்செட் கடற்கரையில், உங்கள் டாங்கிகள் சுட்டுப் பழகும் நிலத்துக்குள் அடைபட்டுக் கிடக்கும் டைனம் என்ற சிற்றூரைப் பற்றி எழுதுகிறேன். சரியாகச் சொன்னால் ஊரைப் பற்றிக்கூட அல்ல, அந்த ஊரின் மாளிகையைப் பற்றி. ஊருக்குள் எங்களை விடுகிறீர்கள். மாளிகைப் பக்கம் விடுவதில்லை. ஆண்டில் சில நாட்களாவது அந்த வேலியைத் திறந்து, அங்கே மிஞ்சியிருப்பதை மக்கள் பார்க்க வழிசெய்ய வேண்டும் என்பது என் கோரிக்கை. 1943-ல் ராணுவத்துக்காக மக்கள் ஊரைக் காலி செய்ததை எவ்வளவு உருக்கமாகச் சொல்கிறோமோ, அதே அளவுக்கு 1948-ல் அரசு நிலத்தை நிரந்தரமாக வைத்துக்கொண்டதையும் 1967-ல் மாளிகையை இடித்ததையும் அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும் என்பது அதன் மறுபாதி.

இந்த மடலின் ஆங்கில வடிவத்தைத் தனியே உங்கள் அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். தமிழில் எழுதக் காரணம் வேறு. கோடை வந்தால் லண்டனிலிருந்தும் சவுத்தாம்ப்டனிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் காரில் கிளம்பி, டர்டில் டோர் பாறை வளைவின் முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டு, லல்வர்த் கோவ் என்ற சிறு குடாவில் ஐஸ்கிரீம் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பும் நம்மவர்களில் பலருக்கு, கிழக்கே சில மைல் தள்ளி இப்படி ஓர் ஊர் இருப்பதே தெரியாது. கோரிக்கைக்குக் கூட்டம் சேர்க்கவேண்டும் என்றால் முதலில் கதையைச் சொல்லியாக வேண்டும். உங்களுக்குத் தெரிந்த கதைதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பர்பெக் குன்றுகளுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கு. மரங்களுக்கு இடையே ஒரு சிற்றோடை ஓடி வோர்பாரோ விரிகுடாவில் சேர்கிறது. மேட்டில் புனித மேரி தேவாலயம், எதிரே ஒற்றை அறைப் பள்ளிக்கூடம், கீழே அஞ்சலகத்தோடு ஒட்டிய வரிசை வீடுகள், குளம், பாதிரியார் வீடு, பண்ணை. கரையோரத்தில் மீன்பிடிக் குடும்பங்கள். 1086-ல் வில்லியம் மன்னர் எடுத்த நிலக் கணக்கெடுப்பிலேயே இந்த ஊர் பதிவாகியிருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டில் ஊர் தேய்ந்துகொண்டுதான் வந்தது. பிள்ளைகள் குறைந்துபோய் 1932-ல் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். குடிசைகளில் மின்சாரம் கிடையாது. தண்ணீர் வெளியிலிருந்து எடுத்துவர வேண்டும்.

ஊருக்குக் கொஞ்சம் தள்ளி, மரங்களுக்குப் பின்னால் டைனம் ஹவுஸ். அதன் கிழக்கு முகப்பு முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தது. 1583 என்ற ஆண்டைத் தாங்கியது. பின்புறத்தில் அதைவிடப் பழைய, இடைக்காலத்துக் கூடம் ஒன்றும் அந்த வீட்டோடு சேர்ந்தே இருந்தது. இரண்டு காலங்களும் ஒரே கூரைவரிசையில், பர்பெக்கின் சாம்பல் நிறக் கல்லில். 1683-ல் பாண்ட் குடும்பம் அதை வாங்கியது. அதிலிருந்து 1943 வரை மாளிகையும் வயலும் காடும் குடிசைகளும் ஏறக்குறைய எல்லாமே அந்தக் குடும்பத்தின் கையில்.

இதை மறைத்துவிட்டு டைனத்தை ஏதோ சமத்துவச் சோலையாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. நம் ஊர்களில் பண்ணையார் வீடு என்றால் என்ன பொருளோ, அதில் பாதியாவது இங்கும் உண்டு. வேலை அவர்களிடம், வீடு அவர்களுடையது, தேவாலயத்தில் முன்வரிசை அவர்களுக்கு. வெளியேற்றம் வந்தபோது இந்த ஏற்பாடு எப்படிக் கடித்தது என்று பாருங்கள்: குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் வாடகைதாரர்கள் என்பதால், அவர்களுக்குக் கிடைத்த இழப்பீடு தோட்டத்தில் நின்ற காய்கறிகளின் விலைதான். தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த வீட்டுக்கு ஒரு காசும் இல்லை. நிலம் இருந்தவருக்கு நிலத்தின் விலை, நிலம் இல்லாதவருக்கு முட்டைக்கோசின் விலை.

வெளியேறச் சொன்ன அந்த அறிவிப்புக்கு வருகிறேன். 1943 நவம்பர் 16 தேதியிட்ட கடிதம். தெற்குப் படைப்பிரிவின் நிர்வாகப் பொறுப்பிலிருந்த ஒரு மேஜர் ஜெனரலின் கையெழுத்து. நவீன ஆயுதங்களில் வீரர்கள் முழுப் பயிற்சி பெற, உண்மையான குண்டுகளை வைத்துச் சுடுவதற்கு ஏற்ற நிலம் ராணுவத்துக்குத் தேவைப்படுகிறது. நாட்டின் நலனுக்காக உங்களை உங்கள் வீடுகளிலிருந்து நகர்த்த வேண்டியிருக்கிறது. இது சிறிய தியாகம் அல்ல என்பதை அரசு உணர்கிறது. ஆனாலும் போரை வெல்ல இந்த உதவியையும் நல்ல மனத்தோடு செய்வீர்கள் என்று நம்புகிறது. சாரம் இதுதான். டிசம்பர் 19-க்குள் காலி செய்ய வேண்டும். ஒரு மாத அவகாசம், அதுவும் கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் முன்னதாக முடியும்படி. டைனமும் சுற்றுவட்டாரமும் சேர்த்து 225 பேர் கிளம்பினார்கள். எடுக்கப்பட்ட நிலம் சுமார் 7,500 ஏக்கர்.

நார்மண்டி தரையிறக்கம் அடுத்த ஜூனில் நடந்தது. அதற்குமுன் டாங்கிப் படைகள் எங்காவது சுட்டுப் பழகியாக வேண்டும். ஹிட்லரை வைத்துக்கொண்டு முட்டைக்கோசுக் கணக்குப் பேசமுடியாது என்பது அந்த ஊர்க்காரர்களுக்கே தெரிந்திருந்தது. போகும்போது தேவாலயக் கதவில் ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போனார்கள். தேவாலயத்தையும் வீடுகளையும் பார்த்து நடத்துங்கள். மனிதர்கள் சுதந்திரமாக வாழ்வதற்கான இந்தப் போரை வெல்ல உதவுவதற்காக, எங்களில் பலர் தலைமுறைகளாக வாழ்ந்த வீடுகளை விட்டுக்கொடுத்திருக்கிறோம். ஒருநாள் திரும்பி வருவோம். ஊரை அன்போடு நடத்தியதற்கு நன்றி என்று அதில் எழுதியிருந்தது. இன்று டைனத்துக்கு வருபவர் எவரும் இந்தச் சீட்டைப் பற்றி அறியாமல் திரும்புவதில்லை. வந்தவர் கண் கலங்காமல் போவதும் அரிது.

சீட்டு எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்னதாக அரசு தந்த வாக்குறுதியின் வாசகம் அவ்வளவாகத் தெரியாது. வெளியேற்றியதாலேயே மறுபடி குடியேறும் உரிமையை நீங்கள் இழந்துவிட்டதாகக் கருதவேண்டாம் என்று அந்தப் போர்க்காலக் காகிதம் ஆறுதல் சொன்னது. போர்த்துறைக்கு இந்தச் சொத்து இனித் தேவையில்லை என்று ஆகி, அது திருப்பித் தரப்படும்போது, நீங்கள் திரும்பிவரலாம் என்றது. மக்கள் அதைப் போர் முடிந்ததும் என்று படித்தார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் படித்திருப்பார்கள். ஆனால் காகிதத்தில் இருந்தது போரின் முடிவு அல்ல, ராணுவத் தேவையின் முடிவு. அந்தத் தேவை முடிந்துவிட்டதா என்று முடிவு செய்யும் அதிகாரம், நிலத்தை எடுத்துக்கொண்டவரிடமே இருந்தது.

1945-ல் போர் முடிந்தது. தேவை முடியவில்லை. 1948-ல் வேரம் நகரில் பொது விசாரணை நடந்தது; நிலத்தை நிரந்தரமாகவே வைத்துக்கொள்வது என்று பிரதமர் அட்லியின் அரசு முடிவெடுத்தது. பனிப்போர் தொடங்கிவிட்டது, டாங்கிகளின் சுடுதூரம் கூடிவிட்டது, போவிங்டன், லல்வர்த் டாங்கிப் பயிற்சி முகாம்கள் பக்கத்திலேயே இருக்கின்றன என்று காரணங்கள் இருந்தன. இருக்கட்டும். ஆனால் 1943-ல் நடந்ததும் 1948-ல் நடந்ததும் ஒன்றல்ல. முதலாவதை மக்கள் கொடுத்தார்கள். இரண்டாவதை அரசு எடுத்துக்கொண்டது. தேவாலயக் கதவின் சீட்டு முதலாவதைப் பற்றியது. அதை வைத்தே இரண்டாவதையும் தியாகக் கணக்கில் எழுதிக்கொள்வது நியாயமில்லை.

இங்கேதான் மாளிகை வருகிறது.

டைனம் ஹவுஸை 1943-க்கு முன்பே அரசு கையில் எடுத்திருந்தது. கடற்கரை ரேடார் நிலையத்துக்காக விமானப்படையினரை அங்கே தங்கவைத்தார்கள். அதன்பின் ஆளில்லாத வீடு. பூட்டிக் கிடக்கும் கல்வீட்டைக் கெடுக்கக் குண்டு வேண்டியதில்லை, டோர்செட்டின் குளிர்கால மழை ஒன்றே போதும். ஓடு சரியும், உத்தரம் ஊறும், ஒரு நாள் கூரையோடு கூடத்துக்குள் இறங்கும். இருபது ஆண்டுக்கும் மேலாக அப்படியே விட்டுவைத்து, பிறகு 1967-ல் அரசின் கட்டுமானத் துறையே வந்து பெரும்பகுதியை இடித்துத் தள்ளியது. எடுக்கத்தக்க கல்வேலைகளும் மரவேலைகளும் வேறு இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. மிஞ்சிய சுவர்கள் மரங்களுக்கு நடுவே, வேலிக்கு அந்தப் பக்கம், இன்றும் நிற்கின்றன.

ஆண்டைக் கவனியுங்கள். 1967. போர் முடிந்து 22 ஆண்டு. எதிரியின் விமானம் எதுவும் இல்லை, அவசரமும் இல்லை. 1583-ல் எழுந்த முகப்பை, அதைவிட மூத்த கூடத்தை, பழங்கட்டடங்களைப் போற்றுவதில் உலகுக்கே பாடம் நடத்தும் ஒரு நாடு அமைதிக்காலத்தில் தன் கையாலேயே பிரித்துப் போட்டது. ஊரிலிருக்கும் குடிசைகள் சிதைந்ததற்குத் தவறிவந்த குண்டையும் காலத்தையும் காரணம் காட்டலாம். மாளிகைக்கு அப்படிக் காட்ட முடியாது. வேலி அந்த இடத்தில் இருப்பதற்கு இடிபாட்டின் ஆபத்து மட்டும்தான் காரணமா என்ற ஐயம் எனக்கு உண்டு. ஐயம்தான், குற்றச்சாட்டாக வைக்கவில்லை.

அடுத்த ஆண்டே, 1968-ல், எழுத்தாளர் ராட்னி லெக் முன்னின்று, நிலத்தை மீட்கப் போராடும் டைனம் செயற்குழுவைத் தொடங்கினார். மாளிகை இடிப்பு பலரை உலுக்கியிருந்த நேரம். அவர்கள் எழுப்பிய சத்தமும் சேர்ந்துதான், ராணுவ நிலங்களை ஆராய நியூஜென்ட் பிரபு தலைமையில் குழு அமைந்தது. 1973-ல் வந்த அதன் அறிக்கை, லல்வர்த்தின் பீரங்கிப் பள்ளியை வேல்ஸின் காசில்மார்ட்டினுக்கு மாற்றி இந்த நிலத்தை விடுவிக்கலாம் என்று பரிந்துரைத்தது. அரசே அமைத்த குழு, அரசே கேட்ட அறிக்கை! மறு ஆண்டு அரசே அதை ஓரங்கட்டியது. சமாதானமாகக் கிடைத்தவைதான் 1975-ல் திறந்த நடைபாதைகள். நாங்கள் இன்று பாதுகாப்பான பாதையைக் காட்டும் மஞ்சள் கம்பங்களைப் பின்பற்றி நடந்து கடலைப் பார்க்கிறோம் என்றால் அது அந்தப் போராட்டக்காரர்கள் தோற்றுப் பெற்ற பலன்.

உங்கள் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ராணுவம் இருந்ததால்தான் அந்தப் பள்ளத்தாக்கு பிழைத்தது என்று நீங்கள் சொல்வது பெரிதும் உண்மை. டிராக்டர் நிலத்தைப் புரட்டவில்லை, பூச்சிமருந்து தெளிக்கவில்லை, கேரவன் பூங்கா வரவில்லை. மேற்கே டர்டில் டோர் மேட்டில் வரிசை வரிசையாக நிற்கும் கேரவன்களைப் பார்த்துவிட்டுக் கிழக்கே திரும்பினால் எவருக்கும் இது விளங்கும். அரிய செடிகளும் பட்டாம்பூச்சிகளும் குண்டுக் குழிகளுக்கு நடுவே நிம்மதியாக இருக்கின்றன. தேவையும் இன்னும் போகவில்லை: 2023 பிப்ரவரியில் உக்ரேன் வீரர்கள் சேலஞ்சர் 2 டாங்கியில் பயிற்சி பெற்றதை ஜெலென்ஸ்கி லல்வர்த் முகாமுக்கே வந்து பார்த்துவிட்டுப் போனார். ஆகவே சுடுதளத்தை மூடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஊரைத் திருப்பிக் கொடுங்கள் என்றும் கேட்கவில்லை. யாரிடம் கொடுப்பது? திரும்பிவரக் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். வேரம் அருகே புதுவீடு கிடைத்துக் குழாயைத் திருகினால் தண்ணீர் வருவதைக் கண்ட சிலருக்குத் திரும்பும் ஆசையே அவ்வளவாக இல்லை என்றும் சொல்வதுண்டு. அதுவும் மனித இயல்புதான்.

ஊரில் நீங்கள் செய்திருக்கும் பராமரிப்பைக் குறை சொல்லவும் மாட்டேன். தேவாலயம் உறுதியாக நிற்கிறது. உள்ளே ஊரின் வரலாறு கண்காட்சியாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மேசைகளும் பிள்ளைகளின் பெயர் எழுதிய கோட்டு மாட்டிகளும் அப்படியே இருக்கின்றன. கூரையில்லாத வீடுகளின் சுவர்களைச் சரியாமல் பூசிவைத்திருக்கிறீர்கள். எந்த வீட்டில் யார் வாழ்ந்தார்கள் என்று பலகை சொல்கிறது. அஞ்சலகத்தின் முன்னால் 1929 காலத்து வெள்ளைத் தொலைபேசிக் கூண்டு. அந்தக் கூண்டுக்கும் ஒரு தனிக்கதை: எண்பதுகளில் ஒரு திரைப்படக் குழு படப்பிடிப்பின்போது அசலை உடைத்துவிட்டு, வேறொன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. பீரங்கிகளுக்குத் தப்பியது சினிமாக்காரர்களுக்குத் தப்பவில்லை.

இவ்வளவு செய்தவர்களுக்கு மாளிகை மட்டும் ஏன் கைக்கு எட்டவில்லை? வாடகைக் குடிகளின் வீடுகளைக் காட்டிவிட்டு, அவர்கள் யாருக்கு வாடகை கொடுத்தார்களோ அந்த வீட்டை மறைத்தால் ஊரின் கதை தலையில்லாத உடலாகிவிடுகிறது. அந்த ஊரில் யார் எதைச் சொந்தமாக வைத்திருந்தார்கள், எதை இழந்தார்கள், யாருக்கு எவ்வளவு ஈடு கிடைத்தது என்ற பேச்சே மாளிகையைப் பார்க்காமல் தொடங்காது. இறந்த ஊரின் அழகை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறோம். அதன் கணக்கு வழக்கைப் பார்ப்பதில்லை.

முன்மாதிரி வேண்டுமானால் உங்கள் அமைச்சகத்திடமே இருக்கிறது. வில்ட்ஷரில் சாலிஸ்பரி சமவெளியில் இம்பர் என்ற ஊர். அதே 1943 டிசம்பர், டைனத்துக்கு இரண்டு நாள் முன்பு காலியானது. அங்கும் ஒரு மாளிகை உண்டு, இம்பர் கோர்ட். அதன் வெற்றுக்கூடு இன்னும் நிற்கிறது. டைனத்தைவிட இம்பர் கண்டிப்பான இடம். ஆனாலும் ஆண்டில் சில நாட்கள் சாலையைத் திறக்கிறீர்கள். புனித கைல்ஸ் தேவாலயத்தில் வழிபாடு நடக்கிறது. கோடையில் ஒரு நாள் பழைய லண்டன் பேருந்துகள் வரிசையாக ஆட்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. வெடிக்காத குண்டு அபாயம் அங்கும் உண்டு. வேலி, காவலர், குறித்த பாதை என்று வைத்துச் சமாளிக்கிறீர்கள் அல்லவா?

டைனத்தில் அதைவிடச் சுலபம். பெரும்பாலான வார இறுதிகளிலும் ஆகஸ்ட் முழுவதும் சுடுவதை நிறுத்திவைக்கிறீர்கள். வண்டி நிறுத்துமிடம் இருக்கிறது, காவலர்கள் இருக்கிறார்கள். வேண்டியது ஊரிலிருந்து மாளிகை வரை கம்பமிட்ட ஒரு பாதை. சுவர்களைத் தொடாத தூரத்தில் ஒரு தடுப்பு. ஆகஸ்டில் இரண்டு மூன்று சனிக்கிழமை, முன்பதிவோடு, வழிகாட்டி ஒருவருடன் சிறுசிறு குழுக்கள். சுவர்கள் அதற்கும் தாங்காது என்றால், முதலில் ஒரு கட்டடப் பொறியாளரை அனுப்பி நிலைமையை ஆய்வு செய்து அறிக்கையை வெளியிடுங்கள். பள்ளிக்கூடத்துக்குச் செய்ததை இதற்கும் செய்ய எவ்வளவு ஆகும் என்பது பொதுவெளியில் தெரியட்டும். டோர்செட்டில் பாரம்பரியக் கட்டடங்களுக்குக் கைக்காசு போடும் மனிதர்களுக்குப் பஞ்சமில்லை.

பாதையின் முடிவில் ஒரு பலகை வேண்டும். அதில் மூன்று செய்திகள் போதும். 1943-ல் மக்களிடம் தந்த வாக்குறுதியின் வாசகம், அந்த நிபந்தனையோடு சேர்த்து, முழுதாக. 1948-ல் எடுத்த முடிவும் அதற்கு அரசு சொன்ன காரணமும். 1967-ல் மாளிகையை இடித்தது யார், எதற்காக, கழற்றிய பாகங்கள் இன்று எங்கே இருக்கின்றன என்ற விவரம். அலங்காரச் சொற்கள் வேண்டாம். வருத்தம் தெரிவிக்கவும் நான் கேட்கவில்லை. அந்தக் கழற்றிய பாகங்களின் பட்டியலைப் பலகைக்குக் காத்திராமல் இப்போதே வெளியிடலாம். இடித்தது அரசுத் துறை என்பதால் கோப்பு எங்காவது இருக்கத்தான் வேண்டும்.

முடியாது என்பது உங்கள் பதில் என்றால், எதனால் முடியாது என்பதை எழுத்தில் தெரிவியுங்கள்: வெடிபொருளா, சுவரா, பணமா. மூன்றுக்கும் மூன்று விதமாகப் பேசவேண்டியிருக்கும், அதற்காகக் கேட்கிறேன். அடுத்த ஆண்டுக்கான சுடுநேர அட்டவணையை நீங்கள் வெளியிடும் முன்பாகப் பதில் கிடைத்தால், ஆகஸ்டுக்குள் ஒரு சனிக்கிழமையாவது ஏற்பாடு செய்ய நேரமிருக்கும்.

இப்படிக்கு,
டைனத்துக்கு வந்துபோகும் தமிழ் வாசகர் ஒருவர்